நர்சுகளை அனுப்பச் சொன்னது யார்?

என் மதினி, என் சிநேகிதி, என் ஆயுள் சண்டைக்காரி மாரீஸ்வரிக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உனக்கு எழுத இப்போதுதான் தைரியம் வந்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய். "தைரியமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வேற போக்கிடம் இல்லாம வந்திருக்கட்டி" என்பாய். ஆமாம், போக்கிடம் இல்லாமல்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. உன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போது ஒரு புது டாக்டர் இருக்கிறான். சின்ன வயது, நல்ல கை. கர்ப்பிணிகள் இன்னமும் மடவார் வளாகம் கோயிலில் சுகப்பிரசவத்துக்குக் கும்பிட்டுவிட்டுத்தான் அவனிடம் வருகிறார்கள். வந்து, "அந்த டாக்டரம்மா வையும், ஆனா வயித்தத் தொட்டுப் பாக்கும்" என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறார்களாம். என்னிடம் புலம்பினான். அவனுக்கும் நான் போனில்தான் உத்தரவு போடுகிறேன். நேற்றுக்கூடப் போட்டேன்.

இன்னொரு செய்தி. எனக்கு இணை இயக்குநராகப் பதவி உயர்வு. பட்டியலில் பெயர் வந்துவிட்டது, ஆணைதான் பாக்கி. அலுவலகத்தில் அதற்குள் சால்வை போட ஆரம்பித்துவிட்டார்கள், பீரோவில் வைக்க இடமில்லை. ஒவ்வொரு சால்வைக்கும் சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறேன். அந்தச் சிரிப்பு எனக்கு எங்கிருந்து வருகிறது, மதினி?

நாம் இரண்டு பேரும் ஒரே வருடம் வேலையில் சேர்ந்தவர்கள். தரவரிசையில் நீ எனக்கு மேலே. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு மதினியாகவும் வந்தாய். பட்டாளத்துக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டால் லீவுக்கு லீவுதானே குடித்தனம்? இரண்டு பிள்ளைகளையும் ஒற்றையாளாய் வளர்த்தாய். நம் துறையில் மேலே போக வேண்டுமானால் பொது சுகாதாரப் பட்டயம் படித்தாக வேண்டும், அதற்குச் சென்னையில் போய்த் தங்க வேண்டும். "நீ போயிட்டு வாட்டி. பிள்ளைக கொஞ்சம் நிமிரட்டும், நான் பொறவு படிக்கேன்" என்றாய். நான் போனேன். படித்தேன், சுகாதார அலுவலர் ஆனேன், துணை இயக்குநர் ஆனேன். அந்தப் பதவியின் பெயரை இப்போது மாற்றிவிட்டார்கள், ஊர் வாயில் இன்னும் டி.டி. மேடம்தான்.

நீயும் படித்து முடித்தாய், வெகு காலம் கழித்து. உன் இரங்கல் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "டாக்டர் மாரீஸ்வரிக்குப் பதவி ஆசையே கிடையாது" என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆசை கிடையாதாமா? எம்புட்டு ஆசை உனக்கு! "எனக்கு ஜீப்பு வரட்டும், ஒன்னையப் பின்சீட்டுல ஏத்தி ராஜபாளையம் பூராம் சுத்துதேன் பாரு" என்றவள் நீ. டி.டி. ஆனதும் செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாய். பிரசவம் நடக்கிற நிலையத்திலிருந்து நர்சுகளை முகாமுக்கு இழுக்கக் கூடாது என்பது அதில் முதல் வரி.

நான் இழுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரிய மனிதர் ஒருவர் வருகிற மருத்துவ முகாம். வெள்ளை உடையில் ஆட்கள் வரிசையாகத் தெரிய வேண்டும் என்று மேலிருந்து சொன்னார்கள். உனக்குப் போன் போட்டு, உன் இரண்டு நர்சுகளையும் வண்டியையும் அனுப்பச் சொன்னேன். "ஏட்டி, இங்க ஒருத்தி வலியெடுத்துக் கெடக்கா. ஒரு நர்சயாவது விடு" என்றாய். "சொன்னதைச் செய் மதினி. மத்தியானத்துக்குள்ள திருப்பி அனுப்பிருதேன்" என்றேன். எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. இந்த மாதிரி உத்தரவுகளை நாங்கள் எழுத்தில் தருவதே இல்லை. மேலே போகப் போக நாங்கள் முதலில் கற்றுக்கொள்கிற வித்தை அதுதான்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பிறகு அந்தப் பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை. நீ ஒரு கையால் அவள் வயிற்றை அழுத்திக்கொண்டு, துப்புரவு வேலை செய்கிற அம்மாவைக் குளுக்கோஸ் பாட்டிலைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, 108க்குக் கத்தியிருக்கிறாய். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றி, மம்சாபுரம் தாண்டுவதற்குள் அவள் போய்விட்டாள். அந்த நேரத்தில் உன் நர்சுகள் முகாமில் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்தச் சாவைப் பற்றிய ஆய்வுக் கூட்டத்தில், "யார் பொறுப்பு?" என்று கேட்டார்கள். நான் உன் நாத்தனார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சொந்தக்காரியைக் காப்பாற்றுகிறாள் என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு. வேறு யாராவது என் நாற்காலியில் இருந்திருந்தால் உனக்காகச் செத்த நேரம் யோசித்திருப்பார்கள். நான் யோசிக்கவில்லை. 'மாற்று ஏற்பாடு செய்யாமல், மருத்துவ அலுவலர் தன்னிச்சையாகச் செவிலியர்களை அனுப்பிவிட்டார்' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தன்னிச்சையாக! "மேடம் சொந்தம்னுகூடப் பாக்கல" என்று புகழ்ந்தார்கள். இன்றைய சால்வைகளெல்லாம் அந்தப் புகழில் வந்தவைதான்.

உனக்குப் 'பதினேழு பி' வந்தது, வேலையையே பறிக்கக்கூடிய குற்றச்சாட்டு. அது தலைக்கு மேல் தொங்குகிறவரை யார் பெயரும் பதவி உயர்வுப் பட்டியலில் ஏறாது. நீ நான்கு பக்கம் விளக்கம் எழுதி அனுப்பினாய். அது என் மேசை வழியாகத்தான் மேலே போக வேண்டும். ஒவ்வொரு வரியிலும் என் பெயரைத் தேடினேன். இல்லை. நான் போன் போட்டதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. ஏன் எழுதவில்லை? என் மேல் வைத்த பாசமா? அல்லது, இவளே வந்து சொல்வாள் என்று காத்திருந்தாயா? காத்திருந்தாய் என்றால், எத்தனை நாள் காத்திருந்தாய்?

பட்டியல் வந்தபோது உன் பெயர் இல்லை. உனக்கு இளையவர்களெல்லாம் ஆளுக்கொரு மாவட்டத்துக்கு ஜீப்பேறிப் போனார்கள். எல்லோருக்கும் போன் போட்டு வாழ்த்துச் சொன்னாயாம். அடுத்த இரண்டாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குளிக்கப் போனவள் திரும்பி வரவில்லை. மாரடைப்பு. இறப்புச் சான்றையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

போன வாரம் அண்ணன் என் அலுவலகத்துக்கு வந்தான். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான் அல்லவா, அந்தச் சட்டையோடுதான் வந்தான். தங்கச்சி அறை என்று நேரே நுழையவில்லை, மனு கொடுக்க வந்தவர்களோடு வரிசையில் நின்று வந்தான். கையில் உன் பேரில் வந்த கடைசி ஆணை. 'மேற்படி அலுவலர் இறந்துவிட்டபடியால் மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது.'

"கோமு, இதுல அவ மேல தப்பில்லன்னு எங்கயும் போடலியே. செத்துட்டா, அதனால விட்டுட்டோம்னுதான இருக்கு? தப்பில்லன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுட்டி. பிள்ளைகளுக்குக் காட்டணும்."

"அதுக்கு விதி கெடையாதுண்ணே" என்றேன்.

"அம்புட்டுதானா?" என்றான். ஆணையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

நேற்று மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உட்காராமலே சொன்னேன். நர்சுகளை அனுப்பச் சொன்னது நான்தான், மதினி வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை, அறிக்கையில் பொய் எழுதினேன். எல்லாம் சொன்னேன். அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அன்னைக்கு நர்சுகள ஏன் அனுப்புனன்னு நான் கேட்டேன். என் தப்புதான்னு அவ சொன்னா. ஒரு உசுரு போயிருச்சே, இப்படியா இருப்பன்னு நானும் ஏசிட்டேன் கோமு. நாலு நா அவகூடப் பேசல."

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், மதினி. அவன் தன்னையே அல்லவா திட்டிக்கொண்டிருந்தான்? எல்லாவற்றையும் எழுதி இயக்குநருக்கு அனுப்புகிறேன் என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"ஒனக்கு ஆர்டரு எப்ப வருது?"

"இந்த வாரமோ, அடுத்த வாரமோ."

"நீ எழுதப் போறது ஆர்டருக்கு முந்தியா, பொறவா?"

கூடப் பிறந்தவன் அல்லவா, என்னைத் தெரியும். உன் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். ஆணையை வாங்கிவிட்டுப் பிறகு எழுதினால் சேதாரம் குறையுமே என்று. "பதிலோட வா. இல்லன்னா இந்த வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பதவி உயர்வு நிற்கும். எனக்கும் ஒரு 'பதினேழு பி' வரும், வேலையே போனாலும் போகும். நீ எழுந்து வரப் போவதில்லை. அந்தப் பெண்ணும் வரப் போவதில்லை. என் நாற்காலிக்கு வருகிறவர், அடுத்த முகாமுக்கு அந்தச் சின்ன டாக்டருக்குப் போன் போடுவார், அவனும் அனுப்புவான். ஒன்றும் மாறாது, மதினி. எனக்கு எந்த நம்பிக்கையும் இல்லை. அண்ணன் என்னை மன்னிப்பான் என்றுகூட இல்லை.

நான் கோழை என்று உனக்குத் தெரியும். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உனக்குச் சத்தியம் செய்தால், விடிந்ததும் மாற்றிக்கொள்வேன். அதனால்தான் பேரையும் பதவியையும் போட்டு, நாலு பேர் படிக்கிற பத்திரிகைக்கு இதை அனுப்புகிறேன். நர்சுகளை அனுப்பச் சொன்னது நான். டாக்டர் மாரீஸ்வரி மேல் எந்தத் தப்பும் இல்லை. இதையே இயக்குநருக்கு நாளைக் காலையில் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

முந்திதான், மதினி.

உன் புருஷன் கூடப் பிறந்தவள்,
நாத்தனார் டாக்டர் கோமதி,
மாவட்ட சுகாதார அலுவலர் (டி.டி.)