காய்ச்சல் விட்ட நாள்

அன்பு மகள் லாண்டிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சுகமா? நானும் அப்பாவும் சுகம், அதைத் தைரியமாக எழுத இந்த வாரம்தான் முடிந்தது. பிரசவத்துக்கு இங்கே வருகிறேன் என்று நீ எழுதியதை அப்பா மோத்தூல் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பதில் எழுதுமுன் இங்கே நடந்ததைக் கேள். மழைக்கு முன்னால் வேண்டாத சாமான்களை அள்ள நகராட்சி லாரி வருமே, அதற்காகக் கொல்லையிலிருந்த டயர், ஓட்டைச் சட்டி எல்லாவற்றையும் வாசலில் அடுக்கினேன். உன் அப்பா பழைய வாஷிங் மெஷின் தொட்டியை மட்டும் திரும்பத் தூக்கிவந்து ஆரஞ்சு மரத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். "நல்ல தொட்டிடி, செடி வைக்கலாம்" என்றார். செடி எங்கே வைத்தார், மழைத் தண்ணீர் தேங்கிக் கொசுதான் வளர்ந்தது.

திடீரென்று ஒருநாள் அவருக்கு நெருப்பாய்க் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் என்று முனகல். ஆஸ்பிரின் கேட்டார், டாக்டரம்மா பார்த்துவிட்டு இது டெங்கு, ஆஸ்பிரின் கூடவே கூடாது, இரத்தம் கசியும் என்று பாராசிட்டமாலும் நிறையத் தண்ணீரும் கொடுக்கச் சொன்னார். பிறகு ஒருநாள் காலையில் உடம்பு குளிர்ந்தது, ஊஞ்சல் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து பன்றிக்கறி கேட்டார், நானும் சந்தோஷத்தில் அடுப்பைப் பற்றவைத்தேன். ஆனால் காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஓரிரு நாள்தான் ஆபத்து, கண்ணை எடுக்காதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மத்தியானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி, ஈறில் இரத்தம், கை சில்லென்று இருந்தது. "பல்லு வெளக்கினதுடி, வயித்துல வெறும் வாயு" என்று அப்போதும் வாய் ஓயவில்லை. ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இன்னும் தாமதித்திருந்தால் என்றார்கள், மீதியை நான் கேட்கவில்லை. மருந்துத் தண்ணீர் ஏற்றிக் காப்பாற்றிவிட்டார்கள். இப்போது சூப்பில் உப்பில்லை என்று சண்டை போடுகிறார், கேட்கக் காது குளிர்கிறது.

சின்ன வயதில் உனக்கும் டெங்கு வந்தது ஞாபகமிருக்கிறதா? இதில் நாலு வகை உண்டாம், ஒன்று வந்தவர்களுக்கு இன்னொன்று வந்தால் மோசமாகலாமாம், பிள்ளைத்தாச்சிக்கும் குழந்தைக்கும் இன்னும் கஷ்டமாம். அதனால் நீ வராதே. இதை எழுத மனசு வரவில்லை, தொட்டிலைக்கூடத் துடைத்து வைத்திருந்தேன். அப்பா ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். பிறகு நானே ஒரு முடிவு எடுத்தேன், உங்கள் தொலூக்கா மேட்டுக் குளிருக்கு இந்தக் கொசு ஏறாதாம், நான் ஏறி வருகிறேன். பக்கத்து நகரம் மெரிதாவைத் தாண்டாத உன் அம்மா விமானச் சீட்டு எடுத்துவிட்டேன், ஸ்வெட்டரும் வாங்கியாயிற்று. கொல்லையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை, அவருக்கு அதுதான் தண்டனை.

கனமான வாளி தூக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. கன்னிமாதா உன்னையும் குட்டியையும் காப்பாள். விமானம் கிளம்பினதும் கண்ணை இறுக்க மூடிக்கொள்வேன், இறங்கும் வரை திறக்க மாட்டேன். திறக்கும்போது நீ என் எதிரே நிற்க வேண்டும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா எல்டா