பரோல் என்று எழுதிவிட்டேன், அக்கா

என் உயிர் அக்கா,

வந்துவிட்டேன். நீ போய் ஒரு மாதம் கழித்து, அடி அண்ணாமலையில் உன் வீட்டில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். பஸ் நிற்கும் இடத்துக்கு மாமா வந்திருந்தார். உன் புருஷன் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யார் இறங்குகிறார்கள் என்றே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவரும் இறங்கவில்லை என்றதும், "தனியாவா உட்டாங்க?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகுதான் மெல்ல மெல்லச் சொன்னார்.

அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டு எனக்கு இரண்டு வருஷம் ஆகிறது. முடிவு வருமுன் நாட்டை விட்டுக் கிளம்பினால் மனு செல்லாது. அவசரம் என்றால் முன்கூட்டியே ஒரு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போய் வரலாம். அந்தச் சீட்டுக்கு அங்கே பரோல் என்று பெயர். நானும் பெரிய மனுஷன் மாதிரி அதை அப்படியே உனக்கு எழுதித் தொலைத்தேன். மனு முடியும்வரை வெளியே வர முடியாது, அவசரம் என்றால் பரோல் கேட்கலாம் என்று.

பரோல் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை? பக்கத்துத் தெருக்காரன் ஒருவன் வேலூர் ஜெயிலிலிருந்து பரோலில் வந்து அப்பனுக்குக் கொள்ளி வைத்ததை நாம் இரண்டு பேரும்தானே பார்த்தோம்? இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்றான். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

அடுத்த கடிதத்தில், உள்ளேயே சோறு போடுகிறார்களா என்று கேட்டிருந்தாய். வேலை செய்யும் இடத்துக் கேன்டீனைக் கேட்கிறாய் என்று நினைத்தேன். போடுகிறார்கள், ருசிதான் கம்மி என்று விளையாட்டாகப் பதில் எழுதினேன். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லையாமே, அக்கா? மாமாவைத் தவிர யாரிடமும் வாய் திறக்காமல், நான் வெளியே வர வேண்டும் என்று பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றினாயாமே? நானோ அங்கே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சினிமா பார்த்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சள் காமாலை முற்றியபோது மாமா எனக்குத் தந்தி அடிக்கப் புறப்பட்டாராம். நீ அவர் கையைப் பிடித்து நிறுத்தினாயாம்.

"வேணாங்க. ரெண்டு போலீசு நடுவுல எந்தம்பி இந்தத் தெருவுல வந்து நிக்க வேணாம்."

நீ போன செய்தி எனக்குக் கடிதத்தில்தான் வந்தது. அன்றைக்கே பரோல் கேட்டேன். மூன்றாம் நாள் கொடுத்துவிட்டார்கள். நீ படுத்துக் கிடந்தது பத்தொன்பது நாள் என்கிறார் மாமா. முகத்தையாவது பார்த்திருப்பேனே, அக்கா.

மாமாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். சீட்டைக் காட்டினேன். நான் ஒரு நாள்கூட ஜெயிலில் இல்லை என்றேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் அதை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப ஏம்ப்பா இத்தினி நாளா வரல?"

இத்தனை நாளும் மனு கெட்டுப்போய்விடுமோ என்று பயந்தேன். நீ நன்றாக இருந்தபோதே இந்தச் சீட்டைக் கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்கவே இல்லை. நீ நினைத்த மாதிரி நான் ஜெயிலில் இருந்திருந்தால்கூட மாமாவுக்கு ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

மனு இன்னும் முடியவில்லை. வியாழக்கிழமை திரும்பிப் போகிறேன். உன் வருஷத் திதிக்கு வருவேன், அக்கா. சீட்டுக் கொடுத்தாலும் வருவேன், கொடுக்காவிட்டாலும் வருவேன். மனு போனால் போகட்டும்.

உன் தம்பி,
ஏழுமலை