நாற்பது நாளும் நூற்று முப்பது

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீ அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் எங்களுக்கு வேறொன்றும் வேண்டாம். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, போட்ட அன்றைக்கே வீட்டில் இருக்கிற ஒட்டடை எல்லாம் அவள் கண்ணில் பட்டு, அடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டது, மூன்று மாடியும் கால்நடைதான். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் இப்போது சொல்லப்போவதைப் போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், நானும் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

ஞாயிறுதோறும் நீ கேட்கும்போது நூற்று முப்பதுக்கு எண்பது என்று நோட்டைப் பார்த்து வாசித்தேனே, அது பொய் கண்ணு. நீ அனுப்பிய பிரஷர் கருவி நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு என்னிடம். நீ சொன்னபடி முதல் நாள் பூங்காவை நாலு சுற்று வேகமாக நடந்து, மூச்சு வாங்க மாடி ஏறி, உட்காரக்கூடச் செய்யாமல் கையில் பட்டையைக் கட்டினேன். நூற்று எழுபத்தாறு. மறுநாளும் அப்படித்தான், அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். முப்பத்தொரு வருஷம் சலவை ஆலையில் பாய்லர் பார்த்தவன் நான், பிரஷர் முள் ஏறினால் தீயைக் குறை என்பதுதான் எனக்குத் தெரிந்த வித்தை. நடைதான் தீ என்று முடிவுகட்டி, நடையை நிறுத்தி நாற்காலியே கதி என்று உட்கார்ந்துவிட்டேன். பிறகு பார்த்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நூற்று அறுபதைத் தொட ஆரம்பித்தது. நீயோ "நம்பர் ஏறுச்சுன்னா வேலைய விட்டுட்டு வந்துருவேன்பா" என்று சொல்லியிருந்தாய். அந்த வேலைக்கு நீ எத்தனை தடவை பரீட்சை எழுதினாய் என்று எனக்குத் தெரியாதா. பேனாவை எடுத்தேன், நூற்று முப்பது என்று எழுதினேன், நாற்பது நாளும் அதையே எழுதினேன்.

போன மாதம் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸம்மா நோட்டைப் புரட்டிவிட்டு, "மனுஷனுக்கு இப்படி ஒரே நம்பர் வராதுங்க ஐயா" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் கீழே வேலை பார்த்தவன் பாய்லர் நோட்டில் இப்படி எழுதியிருந்தால், தூங்கிவிட்டு எழுதினாயா என்று நானே கிழித்திருப்பேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. நடக்கும்போது அழுத்தம் ஏறத்தான் செய்யும், இதயம் வேலை செய்கிறது என்று அர்த்தம், நின்ற பிறகு இறங்கிவிடும், அரை மணி நேரம் பொறுத்து, அமைதியாக உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்றார். பாய்லர் கதையை எடுத்துவிட்டேன். "பாய்லர் இரும்பு, உங்க ரத்தக்குழாய் இரும்பு இல்ல, தினமும் நடந்தாத்தான் அது இளகும்" என்று என் வாயை அடைத்துவிட்டார். டாக்டரும் பார்த்து மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், நடக்கிறோம் என்று மாத்திரையை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

இப்போது நான்கு வாரமாக நடக்கிறேன், மூச்சு முட்ட இல்லை, பேசிக்கொண்டே நடக்கிற அளவுக்குத்தான். அம்மாவும் கூட வருகிறாள். ஷிப்டு ஷிப்டாக ஓடியதில் இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து நடந்ததே இல்லை என்று இப்போதுதான் உறைத்தது, எனக்கு அது சந்தோஷமாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. இன்று காலை நூற்று நாற்பத்தாறுக்குத் தொண்ணூறு, நேற்று நூற்று ஐம்பது, முந்தாநாள் நூற்று நாற்பத்து மூன்று. இவை உண்மை. நீ கிளம்பி வர வேண்டாம், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறாள், இனி ஏமாற்ற வழியில்லை.

உனக்கு எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் "நான் நல்லா இருக்கேன்பா" என்கிறாய், மூன்று வருஷமாக ஒரு வாரம்கூட அது மாறவில்லை. மனுஷருக்கு அப்படி வராது பாப்பா. இந்த ஞாயிறு நிஜத்தைச் சொல், நானும் அம்மாவும் உட்கார்ந்து கேட்கிறோம்.

உன்னையே நினைத்திருக்கும்
அப்பா