உப்புக்கு மேலே ஒரு கோடு

மாப்ளே,

இன்று காலை எதிர் அடுக்குமாடிச் சொசைட்டியில் எரிந்துபோன சப்மெர்சிபிள் மோட்டாரைப் போர்வெல்லுக்குள்ளிருந்து மேலே தூக்கினேன். கழற்றியதும் கருகின வைண்டிங் கம்பி வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே பார்த்தால் கருவாட்டுப் பானை மாதிரி வெள்ளை வெள்ளையாக உப்பு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கடலைக் கொண்டுவந்து ஜனக்புரிக்கு அடியில் ஊற்றிவிட்ட மாதிரி கரித்தது. "அங்கிள், சரியாகிடுமா?" என்று அந்த வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். மோட்டாரைச் சரி பண்ணிவிடுவேன். டெல்லியில் என் கை படாத மோட்டார் ஏது? ஜெர்மனிக்காரன் செய்த மோட்டார்கூட என்னிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் ஓடும். ஆனால் கீழேயிருந்து ஏறிவிட்ட உப்பை எந்த ரெஞ்சு போட்டுத் திருப்புவது?

சாலையைக் கடந்து வருகிற வரைக்கும் உன்னோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். நீ போய் நாலு மாதம் ஆகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் நல்ல தண்ணீர். நடுவில் அறுபது அடி தார் ரோடு. அந்த வித்தியாசத்துக்கு நீ கொடுத்தது ஒரு கை.

நாம் பழகினதே அடிதடியில் அல்லவா? ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கடைசியாகக் கிடந்த வாழைப்பூவை நீ ஒரு பக்கம் பிடித்தாய், நான் ஒரு பக்கம். உன்னை அப்படியே தூக்கி மீன்கடை ஐஸ் மேல் வீசினேன். ஐஸ்பாறை இரண்டாகப் பிளந்தது. செத்துக் கிடந்த விரால் ஒன்று துள்ளி ரோட்டுக்கே ஓடியது. நீ மட்டும் தானாக வழுக்கி விழுந்ததாகக் கடைசிவரை சொல்லிக்கொண்டு திரிந்தாய். விழுந்த இடத்திலிருந்து நீ திட்டின திட்டு அசல் உசிலம்பட்டித் திட்டு. நானும் அதே ஊர்ப்பக்கத் திட்டால் பதில் கொடுத்தேன். பூவை ஆளுக்குப் பாதியாக வெட்டிக்கொண்டோம். ஒரே சொசைட்டியில் ஏ பிளாக்கிலும் சி பிளாக்கிலும் குடியிருக்கிறோம் என்பது பஸ்ஸில் ஏறின பிறகுதான் தெரிந்தது.

நீ சர்க்கார் ஆபீஸில் கிணற்றுத் தண்ணீரின் மட்டம் அளக்கிற ஆள். ஸ்டீல் டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் விடுவாய். மேலே இழுத்தால் எதுவரைக்கும் சாக்பீஸ் நனைந்திருக்கிறதோ அதை வைத்துக் கணக்குச் சொல்வாய். நானோ எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். கூட்டிப்பார்த்தால் பதினாறு வருகிறது, உன் பட்டப்படிப்பைவிட ஒன்று அதிகம். சொசைட்டியின் மோட்டார் ரூம் என் ராஜ்ஜியம். பொதுக்கூட்டத்தில் நீ பேச எழுந்தபோது நானே ஒருமாதிரி சிரித்தேன்.

"மேலே நல்ல தண்ணி இருக்கு. அதுக்கு அடியில உப்புத் தண்ணி இருக்கு. நல்லதை அளவுக்கு மேல உறிஞ்சினா உப்பு எந்திரிச்சு வரும். வந்துச்சுன்னா நம்ம ஆயுசுல திரும்பிப் போகாது." அவ்வளவுதான் நீ சொன்னது. அதை இந்தியில் சொன்னபோது ஆண்பால் பெண்பால் எல்லாம் தாறுமாறாகி, கூட்டமே சிரித்தது. தரையிலிருந்து நூற்றியிருபது அடியில் ஒரு கோடு; அதற்குக் கீழே தண்ணீர் இறங்கினால், மறுபடி ஏறுகிறவரை மோட்டார் ஓடக்கூடாது என்று தீர்மானம். வெளியே ஆகஸ்டு மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை பாக்கியில்லாமல் எல்லாக் கையும் மேலே போனது. நான்தான் அந்த ஆழத்தில் சென்சார் வயரை இறக்கினேன். தண்ணீர் அதைவிட்டு இறங்கினால் மோட்டார் தானாக நின்றுவிடும்.

மே மாதம் வந்தது. மாநகராட்சிக் குழாயில் காற்று மட்டும் வந்தது. நம் மோட்டார் நின்றது. ஒருநாள் பொறுத்தார்கள். இரண்டாம் நாள் டாங்கர் லாரி முன்னால் ஒருத்தி இன்னொருத்தியின் தலையில் பக்கெட்டைக் கவிழ்த்து, அதன் மேலேயே உதைத்தாள். மூன்றாம் நாள் ஸ்கூல் வாத்தியார் ஒருவர் காவலாளியின் காதைக் கடித்தார். பாதிக் காது தரையில் கிடந்தது என்று நான் சொன்னால் நீ, "ரத்தம் வந்துச்சு, அவ்வளவுதான்" என்பாய். உன் வீட்டு ஜன்னலுக்குச் செங்கல் வந்தது. அதை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஆபீஸுக்குப் போனாய்.

நான் செய்ததை இப்போது எழுதத்தான் வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு நிச்சயதார்த்தம். மதுரையிலிருந்து சம்பந்தி வீட்டார் முப்பது பேர். ஃபோனில் சம்பந்தியிடம் என்ன அளந்து வைத்திருந்தேன் தெரியுமா? எங்கள் சொசைட்டியில் குழாயைத் திறந்தால் குற்றாலம், டெல்லியே வந்து குளித்துவிட்டுப் போகிறது என்று. சொன்ன வாய்க்குத் தண்ணீர் காட்ட வேண்டுமே. சனிக்கிழமை காலை மோட்டார் ரூமைத் திறந்து, சென்சாரின் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டேன். அப்படி முறுக்கினால் கீழே தண்ணீர் இருக்கிறது என்று மோட்டார் நம்பிவிடும். எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த வித்தைதான். மோட்டார் இரண்டு நாளும் ஓடியது. நாலு பிளாக்கிலும் ஆனந்தம். எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை; மாநகராட்சிக் குழாய்தான் திறந்துவிட்டது என்று நீயும் நம்பியிருப்பாய்.

நீ பந்தியில் உட்கார்ந்தாய். கேசரியை வாயில் போட்டுவிட்டு, பக்கத்தில் வைத்த டம்ளர் தண்ணீரைக் குடித்தாய். நாக்கைச் சப்புக்கொட்டி இன்னொரு வாய் குடித்தாய். இலையை மூடாமல் எழுந்து போனாய். சம்பந்தியிடம் ஒரு சாக்குச் சொல்லிவிட்டு, பட்டுவேட்டியோடு மோட்டார் ரூமுக்கு ஓடினேன். நீ டேப்பை இறக்கி அளந்து முடித்திருந்தாய். கோட்டுக்குக் கீழே ஒன்பது அடி. வயர் முறுக்கையும் பார்த்துவிட்டாய். டேப் சுற்றுகிற இரும்புச் சக்கரத்தால் என் வாயில் ஒரு போடு. பல் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. நான் சும்மா இருப்பேனா? உன் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். கண்ணாடி நொறுங்கியது. கட்டிப் புரண்டோம். நீ என் தோளைக் கடித்தாய். என் வேட்டி அவிழ்ந்து ஸ்டார்ட்டர் பெட்டியில் சிக்கிக்கொண்டது. அந்த நிலையிலும் ஒரு கையால் வயரை இழுத்து அறுத்தாய். மோட்டார் நின்றது. மேலே என் சம்பந்தி வீட்டார் கையில் சாம்பாரோடு குழாயடியில் நின்றார்கள்.

ஐந்து நிமிடத்தில் கூட்டம் வந்துவிட்டது. இருநூறு பேர். நீ பதினைந்து என்பாய், சரி, இருக்கட்டும். பி பிளாக்கில் ஜிம் நடத்துகிற தடியன் முன்னால். வந்துகொண்டிருந்த தண்ணீரை இந்த மதராசி வயிற்றெரிச்சலில் நிறுத்திவிட்டான் என்று கத்தினான். அதுவரை ஓடவிட்டது யார் என்று இன்னொருவன் கேட்டான். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கதவை மறித்து நின்றுகொண்டு, ரத்தம் வழிகிற நெற்றியோடு உன் ஓட்டை இந்தியில் ஒன்றுதான் கேட்டாய்.

"ஆகஸ்டுல தூக்கின கையெல்லாம் எங்க?"

நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். செத்த வீட்டில்கூட வாய் மூடாத நான், அந்த ஒரு நிமிடம் ஊமையாக நின்றேன். வாசலில் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். தடியன் இரும்புக் கம்பியை ஓங்கினான். நீ இடதுகையைக் குறுக்கே கொடுத்தாய். காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற சத்தம். கீழே விழவில்லை நீ. முறிந்த கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அதே இடத்தில் நின்றாய்.

அப்புறம்தான் பைப் ரெஞ்சை எடுத்தேன். தடியன் முழங்காலில் ஒன்று. இன்னொருவன் தோளில் ஒன்று. வயரை முறுக்கினவன் நான்தான், என் பெண் விசேஷத்துக்காக முறுக்கினேன், முடிந்தால் என்னை அடியுங்கள் என்று தமிழிலும் இந்தியிலும் கத்தினேன். முடிந்தது அவர்களால். நன்றாகவே முடிந்தது. மூன்று விலா எலும்பு. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்த சம்பந்தி இடுப்புப் பெல்ட்டை உருவிக்கொண்டு இறங்கியிராவிட்டால் அன்றைக்கே எனக்குச் சங்குதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்பந்தி என்னிடம் கேட்டார்: "நாங்க கை கழுவத்தான் அந்த மனுசனுக்குக் கை ஒடிஞ்சுதா?" கல்யாணம் நடந்தது, பேரன்கூட வந்துவிட்டான். அந்தக் கேள்வி மட்டும் அவர் வீட்டுக்குப் போகிறபோதெல்லாம் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அதற்கப்புறம் மூன்று வாரம் தண்ணீரில் லேசான கரிப்பு; உப்பு முழுசாக எழுந்திருக்கவில்லை, எட்டிப்பார்த்திருந்தது. கழுத்தில் தொட்டில் கட்டின கையோடு தினம் காலையில் வருவாய். குழாயை ஒரு வினாடி திறக்கும்படி சாடை காட்டி, உள்ளங்கையில் பிடித்து நக்கிப் பார்த்துவிட்டுப் போவாய். அந்த மூன்று வாரமும் என்னோடு பேசவில்லை. மழை விழுந்து ஒன்பதாம் நாள், குடித்துவிட்டுக் காறித் துப்பாமல் முழுங்கினாய். "தப்பிச்சோம்டா" என்றாய். தப்பிச்சேன் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒடிந்த கை நேராகவே சேரவில்லை. டேப்பை இறக்கும்போது முழங்கை ஒரு பக்கமாக விலகி நிற்கும். யாராவது கேட்டால் ஸ்கூட்டரில் விழுந்தேன் என்பாய். கதை கட்டுவதில் என் கால் தூசுக்கு வரமாட்டாய், அதை மட்டும் எப்படித்தான் அப்படிச் சொன்னாயோ.

போன ஜனவரிக் குளிரில் நெஞ்சு சளி என்று படுத்தாய். ஆறு நாளில் முடிந்தது. உன்னை ஏற்றிய வண்டிக்கு வழிவிடாத கார்க்காரனை வெளியே இழுத்துப் போட்டு மிதித்தேன். உன் பெண்டாட்டிதான் இறங்கி வந்து என்னை விலக்கினாள்.

மாப்ளே, போன செவ்வாய்க்கிழமை தண்ணீர் கோட்டைத் தொட்டது. மோட்டார் நின்றது. நான்காவது நாளான இன்று மத்தியானம் நம் புதுச் செயலாளர் மோட்டார் ரூமுக்கு வந்தான். நாளை மறுநாள் அவன் தங்கைக்குக் கல்யாணம். அதட்டியிருந்தால் எனக்குச் சுலபம், என் கை இன்னும் செத்துப்போகவில்லை. அவன் கும்பிட்டான். ஒரே ஒரு நாள் என்றான். நான் முடியாது என்றதும் மெதுவாகக் கேட்டான்.

"உங்க பொண்ணு விசேஷத்துக்கு மட்டும் ஓடிச்சாமே, அங்கிள்?"

வாயில் ஆயிரம் பதில் வைத்திருப்பவன் நான். "ஓடிச்சு. தப்பு" என்றேன். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினான். காறி முகத்தில் துப்பினான். பின்னால் நின்றவர்களில் ஒருத்தன் என் பிடரியில் அறைந்தான். ரெஞ்சு கைக்கெட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. அடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்கிக்கொண்டு வாசலைவிட்டு நகராமல் நிற்பது மட்டும்தான் உன்னிடமிருந்து எடுத்தது. நின்றேன். திட்டிக்கொண்டே போய்விட்டார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தேன். நூற்றியிருபது அடி, இரண்டு அங்குலம். நாளைக்கும் மோட்டார் ஓடாது.