திருத்தாத பக்கம்

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

நேற்று கிடங்கில் ஒரு கூத்து. 47ஆம் அடுக்குப் பெட்டிகளை 74இல் ஏற்றிவிட்டேன். திட்டோடு போயிற்று, பயப்படாதே. கூட வேலை செய்பவர் கேட்டார்: “சின்ன வயசுலேர்ந்தே எண்ணும் எழுத்தும் மாறிப்போகுதா? என் பொண்ணுக்கும் அப்படித்தான். சோம்பேறித்தனம் இல்லப்பா, வேற மாதிரி சொல்லிக்கொடுக்கணும்.”

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுத்தை மாற்றி எழுதிய நம் மகளை “மண்டு” என்று திட்டியவன் நான். டீச்சர் சொன்ன கற்றல் குறைபாட்டுப் பரிசோதனையை வேண்டாமென்றதும் நான்தான். இதைப் படித்ததும் அதற்குக் கூட்டிப் போ. அவள் எழுதிய பக்கம் ஒன்றைத் திருத்தாமல் அனுப்பு. இங்கே சுவர் வெறிச்சென்று இருக்கிறது, ஒட்டிக்கொள்கிறேன்.

அப்பாவுக்கும் இப்படித்தான் என்று அவளிடம் சொல். வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை போனை அவளிடமே கொடு. மன்னிப்பு நான்தானே கேட்க வேண்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன்னவன்