சிவப்புத் தொப்பிக்காரன்

செவ்வாய்க்கிழமை.

துறைமுகத்தில் லாரியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட என் வீட்டுக்காரர் இன்றுதான் பேசினார். நினைவைச் சோதிக்க, நான் கஞ்சி கொண்டுபோயிருந்த எங்கள் மகளின் ஸ்கூல் பையை நர்ஸ் காட்டினார். அதில் சிவப்புத் தொப்பியும் பெரிய மீசையுமாக அந்த வீடியோ கேம் பொம்மை. இவர் ஒருநாளும் கேம் ஆடியதில்லை.

"இவனத் தெரியாம இன்னா? காளான் துன்னா பெருசாவானே!" என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்து நர்ஸ் என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டார்.

வெகுநேரம் பார்த்தார். "தெர்ல சிஸ்டர். பக்கத்து பெட்டுக்கு வந்தவங்களா?"

"எங்க பாத்தாலும் கண்ல படறது சீக்கிரம் ஞாபகம் வரும்மா. உங்க முகமும் வரும், கொஞ்சம் பொறுங்க" என்றார் டாக்டர். பொறுக்கலாம். வராமலே போனால்?

கஞ்சி ஊட்டினேன். கூச்சத்தோடு குடித்தார். கிளம்பும்போது, "பாத்துப் போங்கக்கா, ரோட்ல லாரி ஜாஸ்தி" என்றார்.

எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்க அந்த "அக்கா" காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

வீட்டில் மகள் வாசலிலேயே நின்றாள். "அத்தா உன்னாண்ட பேசுச்சாம்மா?"

பேசினார் என்றேன். குதித்தாள். இன்னும் தூங்கவில்லை அவள்.