மழைநீருக்குக் கிடைத்த நற்சான்று

அனுப்புநர்:
இயக்குபவர்,
குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்,
7ஆம் எண் ஆழ்துளைக் கிணறு,
மேட்டுத் தெரு.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
ஊரகக் குடிநீர்த் துறை.

பொருள்: என் மீதே புகார் அளித்தல், எங்கள் தண்ணீர் குடிக்க உகந்தது என்ற ஆய்வறிக்கையை ரத்து செய்து, மெம்பரேனை மாற்றித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி நிலையத்தை ஐந்து ஆண்டுகளாக இயக்கி வருபவள் நான். எங்கள் கிணற்றில் ஃப்ளூரைடு அதிகம். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். கேடு பல வருடம் கழித்துப் பல்லிலும் எலும்பிலும் தெரியும். அதை வடிகட்டவே துறை இந்த இயந்திரத்தைக் கொடுத்தது. மூன்று ஆண்டுகள் நன்றாக ஓடியது. பிறகு வடிகட்டும் சவ்வான மெம்பரேன் பழுதாகி, உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உப்பை அளக்கும் மீட்டர் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டியது. மாற்றித் தருமாறு நான்கு முறை எழுதினேன்.

2. சென்ற மழைக்காலத்தில், தண்ணீர் மாதிரி எடுக்கத் துறையின் ஜீப் வந்தது. வந்தவர் டிரைவர் மட்டும். நான்கு காலி பாட்டில்களை நீட்டி, "ரொப்பி வைங்கம்மா, திரும்பி வரும்போது எடுத்துக்கறேன்" என்று போய்விட்டார். இங்குதான், ஐயா, என் புத்தி கெட்டுப்போனது. கெட்ட தண்ணீர் போனால் இயந்திரத்தைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்ற பழி என் தலையில் விழும், நிலையத்தையே மூடிவிடுவார்கள் என்று பயந்தேன். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குத் தலை வாரி அனுப்புவது போல, பாட்டில்களைக் கழுவி, என் வீட்டில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரை ஊற்றி, நிலையத்தின் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

3. மிகச் சிறந்த தரம் என்று அறிக்கை வந்தது. மெம்பரேன் பழுதான நிலையத்தின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இவ்வளவு குறைந்த உப்பு எப்படி என்று அங்கே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். மெம்பரேன் கேட்ட கடிதங்கள் எல்லாம் அந்த அறிக்கையின் நகலோடு திரும்பின. நேரில் போனபோது எழுத்தர், "பேப்பர் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏம்மா சும்மா வந்து நிக்கிறீங்க?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

4. அறிக்கையைச் சுவரில் ஒட்டுமாறு உத்தரவு வந்தது, ஒட்டினேன். அதுவரை ஏரிக்கரைக் கிணற்றுக்கு நடந்து நல்ல தண்ணீர் எடுத்தவர்களும் அதைப் பார்த்துவிட்டு இங்கே வரிசையில் நிற்கிறார்கள். குழாயைத் திறந்துவிடுபவள் நான்தான்.

5. எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். பல்லெல்லாம் பழுப்பு, சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். முழங்கால்கள் உள்நோக்கி வளைந்துவிட்டன. இயந்திரம் வருமுன் குடித்த தண்ணீரில் தொடங்கியது என்றார் டாக்டர். அவளுக்காக மட்டும் தினமும் ஏரிக்கரையிலிருந்து ஒரு குடம் கொண்டு வருகிறேன். கேட்பவர்களிடம், மிஷின் தண்ணீர் அவளுக்கு ருசிக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதை எழுதவே கை கூசுகிறது.

6. அடுத்த வீட்டில் இருப்பவள் என் நாத்தனார். அவள் குழந்தைக்கு ஐந்து மாதம் முடிகிறது. இதுவரை தாய்ப்பால் மட்டும்தான். அடுத்த மாதம் முதல் கஞ்சியும் காய்ச்சி ஆறிய தண்ணீரும் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். காய்ச்சினால் ஃப்ளூரைடு போகாது, ஐயா; தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். ஏரிக்கரைத் தண்ணீரே கொடு என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "மிஷினைப் பாத்துக்கறதே எங்க அண்ணிதான், எனக்கென்ன பயம்?" என்று தெரு முழுக்கப் பெருமை பேசுகிறாள்.

7. ஆகவே, அந்த அறிக்கையை உடனே ரத்து செய்ய வேண்டுகிறேன். புதிய மாதிரியைத் துறையினரே, சொல்லாமல் வந்து, குழாயில் தம் கையால் பிடிக்க வேண்டும். என்னை வேலையை விட்டு நீக்குவதானால் நீக்குங்கள். ஆனால் அந்த உத்தரவுக்கு முன்னால் மெம்பரேன் வந்து சேரட்டும்.

முந்தைய மனுக்களில் ஊராரின் கையெழுத்தும் இருந்தது. இதில் கேட்டு வாங்க எனக்கு முகமில்லை. சுவரில் இருந்த அறிக்கையைக் கிழித்து இத்துடன் இணைத்துள்ளேன். இன்று காலை குழாயையும் பூட்டிவிட்டேன். ஏன் பூட்டினேன் என்று தெரியாமல், நாத்தனார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலிக் குடத்தோடு வாசலில் நிற்கிறாள். கையெழுத்துப் போட்டதும் கதவைத் திறந்து அவளிடம் சொல்ல வேண்டும்.

இடம்: நிலைய அறை
நாள்: 14ஆம் தேதி, வியாழக்கிழமை

இப்படிக்கு,
பாட்டில்களை நிரப்பியவள்
(கையொப்பம்)